பாரிஸில் கேட்ட பரங்கிப்பேட்டைக் குரல்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் ஆரம்பிக்கிறேன். இதையே வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நான்தான் முதல் ஆளாகச் சிரித்திருப்பேன். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக இயற்பியல் டீச்சராக இருக்கிறேன். பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதையும் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. ஜின் உண்டு என்று எங்கள் மார்க்கத்தில் இருக்கிறது, அதை மறுத்துப் பேசுகிறவள் இல்லை நான், ஆனால் முட்லூர் ரோட்டுப் புளியமரத்தில் உட்கார்ந்துகொண்டு பைக்கில் போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரு தடவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் லேப் சுவருக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் உட்பட எல்லோரும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். நான் உள்ளே போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் வாஷர் தேய்ந்திருக்கிறது, தண்ணீர் போகும்போது அதிர்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். பிளம்பர் வந்து வாஷரை மாற்றினார், முனகல் நின்றது. நான் அப்படிப்பட்ட ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

எங்களுக்குப் பரங்கிப்பேட்டை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், வெள்ளாறு கடலில் சேருகிற இடம். என் வாப்பா அங்கே ஒரு பள்ளிவாசலில் முப்பத்தோரு வருஷம் மோதினாராக இருந்தார். மோதினார் என்றால் ஐந்து வேளையும் தொழுகைக்கு ஆட்களை அழைத்துப் பாங்கு சொல்கிறவர். பெரிய உத்தியோகம் கிடையாது, ஆனால் வாப்பாவின் குரல் எங்கள் ஊருக்கே ஒரு சொத்து. என் வாப்பா என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு புயல் வருஷம் பத்துப் பதினைந்து நாள் கரண்ட் இல்லை, மைக் இல்லை, வாப்பா மேலே ஏறி நின்று வெறும் தொண்டையில் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. மீன் கூடை தூக்கிக்கொண்டு வருகிற ஒரு அம்மா எங்கள் வாசலில் நின்று, "பாய், கடிகாரமெல்லாம் நா பாக்கறது இல்ல, காலையில ஒங்க கொரலு கேட்டாத்தான் எங்க வூட்டுல அடுப்பு எரியும்" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அன்று முழுக்க ஸ்கூலில் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வாப்பாவிடம் ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'ஹய்ய அலல் ஃபலாஹ்' என்று பாங்கில் ஒரு வரி வரும். வெற்றிக்கு வாருங்கள் என்று அர்த்தம். அந்த 'ஃப' வாப்பாவின் நாக்கில் கடைசி வரைக்கும் ஏறவில்லை. 'பலாஹ்' என்றுதான் சொல்லுவார், நம்ம பலாப்பழத்துப் 'ப'. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துகள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து திருத்திப் பார்த்தார்கள். ரெண்டு நாள் சரியாக வரும், மூணாவது நாள் பழையபடி பலாஹ்தான். அதோடு அந்த வார்த்தையின் முடிவில் குரலை ஒரு படி இறக்கி மறுபடியும் மேலே கொண்டுபோய் நிறுத்துவார். அதை யாரிடமும் அவர் கற்றுக்கொள்ளவில்லை, அவருக்குத் தானாகவே வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. புதுச்சேரியில் காட்டினோம். குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டார்கள். எடுத்தபிறகு மனுஷர் எப்படி இருப்பார் என்று பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கழுத்தின் அடியில் ஒரு துவாரம் போட்டு மூச்சுக்குழாயை அங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூச்சு விடுவது, இருமுவது எல்லாம் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான். வாய் சாப்பிட மட்டும். உதட்டை அசைக்கலாம், ஆனால் நுரையீரலில் இருந்து காற்று வாய்க்கு வராது, காற்று இல்லாமல் சத்தம் இல்லை. இது நான் பாடம் நடத்துகிற விஷயம், எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். வாப்பா அதை ஒரே ஒரு முறை வைத்து என் பெயரைச் சொன்னார். 'சபீனா' என்று ஏதோ மிஷின் கூப்பிடுவது போல வந்தது. என் சின்ன மகள் பயந்து அழுதுவிட்டாள். வாப்பா அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்புறம் எல்லாம் பிள்ளைகள் எழுதி அழிக்கிற சிலேட்டில்தான். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, வெளியாள் யாராவது வந்தால் அதை மறைக்க ஒரு சால்வையும் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே தொழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடிகூட இருக்காது, நாலு வருஷத்தில் அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை. புது மோதினார் பாங்கு சொல்ல ஆரம்பித்தால் வாப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவார். தொட்டி நிரம்பி வழிந்தாலும் பாங்கு முடிகிறவரை நிறுத்த மாட்டார். உம்மா வழிகிற தண்ணீருக்கு அடியில் ஒரு வாளியை வைப்பாள்.

என் தம்பி நஜீர் பாரிஸில் இருக்கிறான். கடலூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, காரைக்காலில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள குடும்பத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவன், அங்கே லிப்ட் பழுது பார்க்கிற வேலை. போன வருஷம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வா லாத்தா என்று பிடிவாதம் பிடித்தான். லாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. உம்மாவுக்கு முழங்கால் வலி, வரமாட்டேன் என்றுவிட்டாள். வாப்பா சிலேட்டில் 'என்னை யாரும் பார்க்க வேண்டாம்' என்று எழுதிக் காட்டினார். உம்மாதான் சொன்னாள்: "ஒங்கள யாரு பாக்கப்போறா? அங்க ஒங்கள யாருக்கும் தெரியாதுல்ல, போயிட்டு வாங்க." அந்த வார்த்தைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மே மாச லீவில் கிளம்பினோம்.

போய் ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நஜீர் எங்களை அந்தப் பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனான். பாரிஸ் நடுவில் இருக்கிறது. நூறு வருஷம் ஆகப்போகிறது கட்டி. முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்துப்போன முஸ்லிம் சிப்பாய்களை நினைத்துக் கட்டியது என்று சொன்னான். வாசலில் எங்களை விட்டுவிட்டு, எங்கேயோ லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது என்று ஓடிவிட்டான்.

நான் பள்ளிவாசல் பார்க்காதவளா, ஆனால் உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே சாம்பல் நிறத் தெரு, பஸ், வேகமாக நடந்து போகிறவர்கள். வாசலைத் தாண்டினால் ஒரு தோட்டம், நீலமும் பச்சையுமாகச் சின்னச் சின்ன ஓடுகள் பதித்த தரை, நடுவில் தண்ணீர் வழிகிற பளிங்குத் தொட்டிகள், லாட வடிவத்தில் வளைவு வளைவாகத் தூண்கள், செதுக்கிய மரக் கதவுகள். மேலே சதுரமாக ஒரு மினாரா, பாங்கு சொல்வதற்கென்று கட்டுகிற கோபுரம். வாப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், அதெல்லாம் இங்கே வேண்டாம் வாப்பா என்றாலும் கேட்கவில்லை. சுவர் ஓடு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மினாராவை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு சிலேட்டை எடுத்து எழுதினார்: 'இதில் ஏறி பாங்கு சொல்வார்களா?'

"இல்ல வாப்பா. இந்த ஊருல பாங்கு வெளிய கேக்கக் கூடாதாம். உள்ளுக்குள்ள மட்டும் சொல்லிக்குவாங்களாம், நஜீரு சொன்னான்."

அவர் மறுபடியும் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை எழுதினார். 'பாவம்.' எழுதிவிட்டு உடனே அழித்துவிட்டார்.

பிற்பகல் தொழுகையான அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. வாப்பா தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவுகிற ஒளு செய்யப் போகிறேன் என்று கையால் சைகை காட்டினார். கழுத்துத் துவாரத்தில் தண்ணீர் போனால் ஆபத்து, எனக்கு எப்போதும் பயம்தான், ஆனால் ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. "பாத்து, துணிய நல்லா இழுத்து மூடிக்கங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தூண்களுக்குப் பின்னால் போனார். நான் உம்மாவுக்கு அனுப்புவதற்காகப் போனை எடுத்து முற்றத்தை வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அங்கே அப்போது நிறையப் பேர் இல்லை. ஒரு மூலையில் வயசான ஒருவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை வண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ரெண்டு பேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போல இருந்தார்கள். பளிச்சென்று வெயில், மத்தியானம் தாண்டிய நேரம். ராத்திரியும் இல்லை, இருட்டும் இல்லை, அதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் பாங்கு கேட்டது.

முதல் 'அல்லாஹு அக்பர்' வந்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ரெண்டாவது வந்தபோது சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அது என் வாப்பாவின் குரல். அவர் குரல் மாதிரி என்று சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை கேட்டு வளர்ந்த குரல், அதில் எனக்குத் தப்பு வருமா? சளி பிடிக்காத நாளில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் அது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, நாற்பது வயது வாப்பாவின் குரல்.

என் புத்தி என்ன செய்தது தெரியுமா? உடனே ஸ்பீக்கரைத் தேடியது. நஜீர்தான் ஏதோ பழைய கேசட்டில் இருந்ததை எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறான், வாப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். சுவரையெல்லாம் பார்த்தேன், ஸ்பீக்கர் எதுவும் கண்ணில் படவில்லை. சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம் என்று நடந்தேன். ஒரு பக்கம் போனால் கூட வேண்டும், இன்னொரு பக்கம் போனால் குறைய வேண்டும், அதுதான் சத்தத்தின் குணம், பிள்ளைகளுக்கு நான் போர்டில் எழுதிப் போடுகிற கணக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முற்றத்தின் இந்த மூலையில் நின்றாலும் அந்த மூலையில் நின்றாலும் ஒரே அளவு, காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்வது போலவும் இருக்கிறது, ஊருக்கே சொல்வது போலவும் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று சுற்றிப் பார்த்தேன். கைத்தடிப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். குழந்தை வண்டிப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள்.

'ஹய்ய அலல் பலாஹ்' என்று வந்தது.

பலாஹ். பலாப்பழத்துப் 'ப'. உலகத்தில் எந்த அரபுக்காரர் அப்படிச் சொல்லுவார்? முடிவில் குரல் ஒரு படி இறங்கி மேலே ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பயம் என்று சொல்ல மாட்டேன், அது பின்னால்தான் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்தது வெறும் பெருமை. அந்தப் பளிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில், அந்தப் பெரிய ஊரில், பரங்கிப்பேட்டைப் பலாஹ் கேட்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது, இது எங்க வாப்பா, எங்க வாப்பா என்று.

கத்தவில்லை. தூண்களுக்குப் பின்னால் ஓடினேன். ஆண்கள் பக்கம் போகக்கூடாது என்றெல்லாம் அப்போது ஞாபகம் இல்லை. கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் வாப்பா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒளு செய்த ஈரம் இருந்தது. ரெண்டு கையையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மோதினார்கள் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த உதட்டுக்கும் அந்தக் குரலுக்கும் பொருத்தம் இருந்தது. கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து காற்று வரவில்லை. வராது. அவருக்குக் குரல்வளையே இல்லை. நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தவள்.

பாங்கு முடிந்தது. வாப்பா கண்ணைத் திறந்தார், எதிரே நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். என்ன, என்ன என்று கையால் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கைத்தடிப் பெரியவர் வந்துவிட்டார். மொராக்கோக்காரர் என்று பிறகு தெரிந்தது. நேராக வந்து வாப்பாவின் ரெண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அரபியில் என்னமோ சொல்லிச் சொல்லி அழுதார். பின்னாலேயே உள்ளிருந்து ஒருவர் அவசரமாக வந்தார், அவர்தான் அங்கே பாங்கு சொல்கிறவராம். கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். குழந்தை வண்டிப் பெண் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்: "நேரத்துக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கிறது, யார் அதற்குள் பாங்கு சொன்னது என்று கேட்கிறார். இவர்தானே? இவர் எந்த ஊர்?"

நான் வாப்பாவின் கழுத்துத் துணியைக் காட்டினேன். இவரால் பேச முடியாது என்றேன். அவள் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பாங்குக்காரர் வாப்பாவையே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ரெண்டடி பின்னால் போனார். ஊர் எது என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"பரங்கிப்பேட்டை" என்றேன். "இந்தியாவில், சிதம்பரம் பக்கத்தில்." வாழ்க்கையில் எத்தனையோ விண்ணப்பத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறேன், அப்படி ஒரு கம்பீரத்தோடு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெண் 'பொராங்கி, பொராங்கி' என்று சொல்லிப் பார்த்துவிட்டு முடியாமல் விட்டுவிட்டாள்.

வாப்பா சிலேட்டில் எழுதினார்: 'ஏன் இவர் அழுகிறார்? நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா?'

எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன என்று சொல்வது? பொய்தான் சொன்னேன். "இல்ல வாப்பா. ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்கல்ல, அதான் மரியாத பண்றாங்க."

பதினோரு நிமிஷம் கழித்து அந்தப் பாங்குக்காரர் முறைப்படி பாங்கு சொன்னார். நல்ல குரல்தான், குறை சொல்ல மாட்டேன். வாப்பா காதைப் பொத்தவில்லை, ஓடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மொராக்கோப் பெரியவர் அவருடைய கையை விடவே இல்லை, அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நாலு வருஷமாக ஜமாத்தோடு தோள் சேர்ந்து நிற்காத மனுஷர். நான் கதவோரத்தில் நின்று அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு நேராக இருந்தது.

ராத்திரி வாப்பா தூங்கப் போனபிறகு, சாப்பிட உட்கார்ந்த நஜீரிடம் சொன்னேன். அவன் நான் எதிர்பார்த்ததைத்தான் சொன்னான். "லாத்தா, ஏதாச்சும் ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. நீ வாப்பா நெனப்புலயே இருந்தியா, ஒனக்கு அப்புடிக் கேட்டிருக்கு."

"பலாஹ்னு சொன்னிச்சுடா."

சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "சரி, வீடியோ எடுத்தல்ல, போடு பாப்போம்."

அதுவரை எனக்கு அது ஞாபகமே வரவில்லை பாருங்கள். ஓடிப்போய்ப் போனை எடுத்துவந்து போட்டோம். ஆரம்பத்தில் தொட்டித் தண்ணீர் விழுகிற சத்தம், குருவிச் சத்தம், 'உம்மா, இதான் அந்தப் பள்ளி' என்று என் குரல். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. பாங்கு மட்டும் பதியவில்லை என்றால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். எதுவுமே இல்லை. தண்ணீர் விழுவது தெரிகிறது, சத்தம் இல்லை. வண்டியில் இருக்கிற குழந்தை கையைத் தட்டுகிறது, சத்தம் இல்லை. நான் ஓடுவதால் படம் ஆடுகிறது, என் செருப்புச் சத்தம் இல்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் அப்படியே போகிறது, பிறகு டக்கென்று எல்லாச் சத்தமும் திரும்பி வருகிறது, மொராக்கோப் பெரியவர் அழுகிற சத்தம், அந்தப் பெண் இங்கிலீஷில் 'இவர்தானே?' என்று கேட்கிற சத்தம். நஜீர் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு ஸ்பீக்கர் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் கடலூரில் செல்போன் கடையில் கொடுத்துப் பார்த்தேன், மைக்கில் ஒரு கோளாறும் இல்லை மேடம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உம்மாவிடம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், முடிந்ததும், "இதுல என்ன இருக்குது? அவுங்க கொரலு ஆத்தத் தாண்டிப் போனது. கடலத் தாண்டிப் போவாதா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான் என்றாள்.

"வாப்பாகிட்ட சொல்லிடவா?"

"சொல்லாம? அவுங்க சொன்ன பாங்கு, அவுங்களுக்குத் தெரிய வேணாமா?"

அன்று சாயங்காலம் சொன்னேன். வாப்பா கட்டிலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார், குறுக்கே ஒன்றும் எழுதவில்லை. முடித்ததும் சிலேட்டை எடுத்தார். 'ஒளு செய்து முடித்ததும் பழக்கத்தில் கை காதுக்குப் போய்விட்டது. மனதுக்குள்தான் சொன்னேன். அந்த மினாராவுக்காகச் சொன்னேன்.' அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார். 'பலாஹ் என்றா கேட்டது?'

"ஆமா வாப்பா. பலாஹ்னுதான்."

தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. 'அங்கே போயும் திருந்தவில்லையா' என்று எழுதிக் காட்டினார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நானும் உம்மாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். படியில் புது மோதினார் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வேளை தவறவில்லை, முதல் வரிசையில் ஹஜ்ரத் ஏறிப் பேசுகிற மிம்பர் மேடைக்கு நேரே வாப்பாவுக்கு ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். கழுத்துத் துணியை மறைக்க இப்போதெல்லாம் சால்வை போடுவதில்லை. ஊரில் பாதிப் பேர் இந்தக் கதையை நம்புகிறார்கள், பாதிப் பேர் டீச்சருக்கு வெளிநாடு போய்வந்ததில் தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறார்கள். ஹஜ்ரத்திடம் கேட்டேன். "அல்லா நாடினா எதுவும் நடக்கும்மா, ஆனா இத ரொம்பச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூடச் சொல்லிவிடுவேன். பெருமையை அடக்கி வைக்க எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடம் இல்லை, நஜீரிடம் இல்லை, வாப்பாவிடம் சொல்லவே முடியாது. நீங்கள் இவ்வளவு நேரம் சிரிக்காமல் கேட்டதால் சொல்கிறேன்.

அந்தக் கடைசி வளைவுக்குப் பின்னால் நான் போய் நின்றபோது பாங்கின் கடைசி வரி போய்க்கொண்டிருந்தது. 'லா இலாஹ இல்லல்லாஹ்.' அந்த வரியின் பாதியிலேயே வாப்பாவுக்கு மூச்சு முட்டியது, அவர் நிறுத்திவிட்டார். நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். கையைக் காதிலிருந்து கீழே இறக்கிவிட்டார். வாயை மூடிவிட்டார். கண்ணை மட்டும் இன்னும் திறக்கவில்லை.

குரல் நிற்கவில்லை. 'இல்லல்லாஹ்' என்பதை வாப்பாவின் குரலிலேயே, வாப்பா இழுக்கிற நீளத்துக்கே இழுத்து, முழுசாக முடித்துவிட்டுத்தான் நின்றது.